ஊதா வெளிச்சமும் சங்கரலிங்கத்தின் வாயும்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. வெளிச்சம், மிஷின், கணக்கு என்று பெரிய படிப்புப் படித்த இரண்டு பேருடைய கதை. ஒரு வார்த்தை இடம் மாறினாலும் அவர்கள் சொன்னது ஒன்று, நான் சொல்வது வேறொன்று என்று ஆகிவிடும். ஆகையால் விளங்கிய மட்டும் சொல்கிறேன். விளங்காததை விட்டுவிடுகிறேன்.

தாமிரபரணிக் கரையில் ஒரு கல்லூரி. அதன் மூன்றாவது மாடியில் கறுப்புத் திரை தொங்கும் ஓர் இருட்டறை. உள்ளே போகிறவர்கள் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். சாமிக்காக இல்லை, தூசிக்காக. ஒரு தூசி போய்க் கண்ணாடி வில்லையில் உட்கார்ந்தால் அன்றைய வேலை போயிற்று.

அந்த அறையில் குருவாக இருந்தவர் ஜமீலா. சிஷ்யையாக இருந்தவள் மங்கையர்க்கரசி. குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சிஷ்யைக்கு நாற்பத்தைந்து. பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு, பாலிடெக்னிக்கில் பார்த்த வாத்தியார் வேலையையும் விட்டுவிட்டு ஆராய்ச்சி செய்ய வந்தவள் அவள். அதனால் குரு சிஷ்யையை ‘அக்கா’ என்றார். சிஷ்யை குருவை ‘மேடம்’ என்றாள்.

“பேர் சொல்லியே கூப்பிடுங்க மேடம். நான் உங்ககிட்ட படிக்கிறவதானே?” என்று முதல் நாளே மங்கை கேட்டிருக்கிறாள்.

“எங்க உம்மா காதுல விழுந்தா எனக்கு வீட்ல சோறு கிடையாது அக்கா” என்றாராம் ஜமீலா.

மங்கை செய்துவந்த வேலை இதுதான். பேனா மாதிரி ஒரு கருவி. அதன் முனையிலிருந்து ஊதா வெளிச்சம் வரும். கன்னத்தின் உட்பக்கம் அதை வைத்தால், சதை அந்த வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு பதிலுக்கு மங்கலாக ஒரு பச்சை வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். நல்ல சதை ஒரு மாதிரி கொடுக்கும், புற்று பிடித்த சதை வேறு மாதிரி கொடுக்கும். திரும்பி வரும் வெளிச்சத்தைப் பேனாவே வாங்கி, ஒரு குன்று போலக் கோடாக வரைந்து காட்டும். கண்ணால் பார்த்து இந்தக் குன்றுக்கும் அந்தக் குன்றுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாது. அதற்குத்தான் மிஷின், பேனாவோடு இணைத்த ஒரு சின்னக் கம்ப்யூட்டர். இது நோயாளியுடையது, இது நல்லவருடையது என்று சொல்லிச் சொல்லி நூற்றுக்கணக்கான குன்றுகளை அதற்குக் காட்டினாள் மங்கை. சிலவற்றை மட்டும் காட்டாமல் ஒளித்து வைத்துக்கொண்டு, கடைசியில் அவற்றை வைத்துப் பரீட்சை வைத்தாள்.

நூற்றுக்குத் தொண்ணூற்றேழு வந்தது.

மங்கை அன்று கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு, ஜமீலாவுக்கு அல்வா வாங்கி வந்தாள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நோயாளிகள் எல்லாரையும் கல்லூரிக்கு எதிரே இருந்த பல் ஆஸ்பத்திரிக்கே போய்ப் பார்த்தாள் மங்கை. வாய் திறக்கவே முடியாதவர்களை மூன்று மாடி ஏற்றுவதா என்று அவளுக்கு மனசு வரவில்லை. மிஷினைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அவளே இறங்கிப் போவாள். நல்ல வாய்க்காரர்கள் கல்லூரியில் வேலை பார்க்கிறவர்கள், படிக்கிற பிள்ளைகள். அவர்களுக்கு மாடி ஏறினால் என்ன? அவர்களை எல்லாம் இருட்டறைக்கே வரச் சொல்லிவிட்டாள்.

மங்கைக்கு ஓர் அண்ணன். சங்கரலிங்கம் என்று பெயர். வாழைத்தார் மண்டியில் ஏலம் கூவுகிறவர். காலையில் அவர் வாயைத் திறந்தால் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கும் விலை கேட்கும். வெற்றிலையும் புகையிலையும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அதை அடக்கி வைக்கிற கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாக ஒரு படை விழுந்து, மாதக்கணக்கில் போகாமல் கிடந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, “கொஞ்சம் சதையைக் கிள்ளி எடுத்துச் சோதிக்கணும். வியாழக்கிழமை வாங்க” என்று சொல்லியிருந்தார்.

சங்கரலிங்கம் நேரே தங்கையிடம் வந்தார்.

“ஏட்டி மங்கை, வாயில கத்தி வைக்கணுமாம். நான் வாயை வச்சுப் பொழைக்கிறவன். உன் டார்ச் லைட்டை அடிச்சுப் பாரு. அது இல்லைன்னு சொல்லிட்டா நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்.”

“அது டார்ச் லைட் இல்லைண்ணே.”

“என்ன எழவோ. ஆ காட்டவா?”

மங்கை அவரை இருட்டறைக்குக் கூட்டிப் போனாள். அவர் மூச்சு வாங்கிக்கொண்டு மாடி ஏறினார், செருப்பைக் கழற்றினார், கறுப்புத் திரைக்குள் போய் வாயைத் திறந்தார். ஊதா வெளிச்சம் கன்னத்தில் விழுந்தது. கம்ப்யூட்டரில் பச்சை எழுத்தில் வந்தது: நலம்.

மங்கை படைக்கு மேலே, கீழே, ஓரத்தில் என்று பேனாவை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். நலம். நலம். நலம்.

“ஒண்ணுமில்லைண்ணே” என்றாள். சிரிப்பு பொங்கி வந்தது அவளுக்கு. “ஒண்ணுமே இல்லை.”

“பார்த்தியா! டாக்டருக்குத் தெரியாதது என் தங்கச்சிக்குத் தெரிஞ்சிருக்கு.” அவர் அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். “இதுக்காகவாவது படிச்சியே. வியாழக்கிழமை தூத்துக்குடியில ஒரு பெரிய ஏலம் இருக்கு. எங்க போகாம இருக்கணுமோன்னு பார்த்தேன்.”

“சரிண்ணே, போயிட்டு வா” என்றாள் மங்கை.

மறுநாள் காலையில், சந்தோஷம் தாங்காமல் ஜமீலாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஜமீலா சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எங்க வச்சுப் பார்த்தீங்க அக்கா?”

“நம்ம அறையிலதான் மேடம். அவ்வளவு தெளிவா வந்துச்சு.”

ஜமீலா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

மங்கை விடவில்லை. “ஏன் மேடம்? நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரியாச் சொல்ற மிஷின். இதை நம்பலைன்னா வேற எதை நம்பறது?”

“டீ குடிக்கப் போலாமா?” என்றார் ஜமீலா. “மிஷினையும் எடுத்துக்குங்க.”

“டீக்கடைக்கா?”

“கடைக்குப் பக்கத்துலதானே ஆஸ்பத்திரி.”

மங்கை நோயாளிகளைப் பார்ப்பது அங்கே ஓர் உள்ளறையில். அந்த அறைக்குச் சன்னல் கிடையாது. பகலிலும் டியூப்லைட் எரியும். சுவரோரம் ஒரு பெஞ்சில் நாலைந்து பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜமீலா மிஷினை மேஜையில் வைத்து, பேனாவைத் துடைத்து, மங்கையைப் பார்த்தார்.

“ஆ காட்டுங்க அக்கா.”

“யாரு, நானா? என் கன்னத்தை நம்ம அறையில எத்தனை தடவை பார்த்தாச்சு மேடம். நலம்னுதான் வரும்.”

“இங்க பார்த்ததில்லையே.”

மங்கை வாயைத் திறந்தாள். ஊதா வெளிச்சம் விழுந்தது. கம்ப்யூட்டரில் சிவப்பு எழுத்தில் வந்தது: நோய்.

மங்கையின் கை தானாகக் கன்னத்துக்குப் போயிற்று. “மேடம்… எனக்கா? எனக்கு இன்னும் மக கல்யாணம்கூட முடியலையே மேடம்…”

ஜமீலா கையை நீட்டிச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார். அறை இருண்டது.

“இன்னொரு தடவை ஆ காட்டுங்க.”

நலம்.

சுவிட்சைப் போட்டார். நோய். அணைத்தார். நலம். போட்டார். நோய்.

பெஞ்சின் கோடியில் இருந்த குருவம்மாள் என்கிற அம்மாள் இதை எல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாக்கின் ஓரத்தில் புண், பேச்சு சரியாக வரவில்லை.

“தாயி,” என்றாள், “அந்த லைட்டை எனக்கும் கொஞ்சம் அமத்துங்களேன்.”

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. ஊசி போட வந்த நர்ஸும் சிரித்தாள். குருவம்மாளே சிரித்துவிட்டு, வலி தாங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். ஜமீலா மட்டும் சிரிக்கவில்லை. அவளிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, “அதை டாக்டர்தான்மா செய்யணும்” என்றார்.

அப்புறம் இரண்டு பேரும் டீக்கடை வாசலில் நின்றார்கள். மங்கையின் டம்ளரில் டீ ஆடை கட்டியது. அவள் குடிக்கவில்லை.

ஜமீலா கம்ப்யூட்டரைத் திறந்து, ஆஸ்பத்திரியில் எடுத்த ஒரு குன்றைப் பெரிதாக்கிக் காட்டினார். பெரிதாக்கிக்கொண்டே போனார். குன்றின் சரிவில் எறும்பு மாதிரி ஒரு சின்ன முள் நின்றது. டியூப்லைட்டின் வெளிச்சம் கொஞ்சம் கசிந்து உள்ளே போன தடம் அது. நோயாளிகள் அநேகமாக எல்லாருடைய குன்றிலும் அந்த முள் இருந்தது. நல்லவர்கள் ஒருவருடைய குன்றிலும் இல்லை. ஒளித்து வைத்துப் பரீட்சை வைத்த குன்றுகளும் அதே இரண்டு அறைகளில் எடுத்தவைதான்.

“மிஷின் கெட்டுப்போச்சா மேடம்?”

“நல்ல மிஷின் அக்கா. இது எந்த அறைன்னு நாம கேட்டிருக்கோம். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரியாச் சொல்லியிருக்கு.”

மங்கை ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “அவங்க மாடி ஏற வேண்டாமேன்னு நினைச்சேன் மேடம்.”

“தெரியும். நல்ல யோசனைன்னு நானும்தான் தலையாட்டினேன். ரெண்டு வருஷமா நானும் பார்க்கலை.” ஜமீலா அவள் கையிலிருந்து ஆறிய டீயை வாங்கிக் கொட்டிவிட்டு வேறு டீ சொன்னார். “உங்க நல்ல மனசைத்தான் அது படிச்சிருக்கு அக்கா.”

மங்கைக்கு அப்போதுதான் சட்டென்று உறைத்தது. இன்றைக்குப் புதன்கிழமை.

“மேடம், எங்க அண்ணன்! அவனுக்கு இருக்கா, இல்லையா?”

“தெரியாது.”

“இத்தனை படிச்சிருக்கீங்க!”

“தெரியாதுக்கா.”

“நாளைக்கு அவன் தூத்துக்குடி போயிருவான். ஆஸ்பத்திரிக்கு இனிமே வரவே மாட்டான். நான் சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டேனே, ஒண்ணுமில்லைன்னு! நீங்க ஒரு வார்த்தை பேசுங்க மேடம். நீங்க பேராசிரியர்.”

“அவருக்கு என்னைத் தெரியாதே அக்கா.”

“மிஷின் ரிப்பேர்னு சொல்லிரட்டுமா?”

“ரிப்பேர் பார்த்து எடுத்துட்டு வா, அதுவரைக்கும் நான் கத்திக்கிட்ட போகலைன்னு சொல்லுவார்.”

“அப்ப என்னத்தைத்தான் சொல்ல?”

“உங்களுக்குத் தெரிஞ்சதை.”

“எனக்குத்தான் ஒண்ணுமே தெரியலையே மேடம்!”

“அதைத்தான்” என்றார் ஜமீலா.

மங்கை மண்டிக்குப் போனாள். பஸ்ஸில் உட்கார்ந்து, எப்படி ஆரம்பிப்பது என்று உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த பெண் மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்து ஒதுங்கி உட்கார்ந்தாள். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வந்தது. ஒன்று அண்ணன் பயந்துபோகிற மாதிரி வந்தது. இல்லாவிட்டால் பயப்பட ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி வந்தது.

மண்டியில் சங்கரலிங்கம் ஒரு பூவன் தார்க் குவியல் மேல் ஏறி நின்று கூவிக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் ஏலத்தை நிறுத்தாமலே கையை ஆட்டினார். “வாட்டி டாக்டரம்மா!” என்றார். வியாபாரிகள் திரும்பிப் பார்த்தார்கள். “என் தங்கச்சிய்யா. வாயைப் பார்த்தே சொல்லிருவா. யாருக்காவது பார்க்கணுமா?”

மங்கைக்குக் கூசியது. ஏலம் முடிகிறவரைக்கும் ஓர் ஓரமாக நின்றாள். அவர் இறங்கி வந்ததும், பஸ்ஸில் சேர்த்துவைத்த வார்த்தை எல்லாம் போய்விட்டது.

“அண்ணே, நேத்து நான் சொன்னது தப்பு.”

“என்ன தப்பு?”

“மிஷின் உன் வாயைப் பார்க்கலை. அறையைப் பார்த்துச் சொல்லியிருக்கு. அங்க யார் உட்கார்ந்தாலும் நலம்னுதான் சொல்லும்.”

“அப்ப எனக்கு உண்டுங்கியா?”

“உண்டுன்னு சொல்லலை.”

“இல்லைங்கியா?”

“இல்லைன்னும் சொல்லலை. தெரியலைங்கேன்.”

சங்கரலிங்கத்துக்குக் கோபம் வந்தது. “நேத்து இல்லைன்னே. இன்னிக்குத் தெரியலைங்கே. நாளைக்கு என்ன சொல்லுவே? தெரியலைன்னு சொல்லுததுக்கா வேலையை விட்டுட்டு அஞ்சு வருசம் படிச்சே? அதை நானே சொல்லிருப்பேனே, சும்மா!”

வியாபாரி ஒருவர் சிரித்தார். மங்கை சிரிக்கவில்லை, அழவும் இல்லை. அண்ணனின் கன்னத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெற்றிலை உப்பலாகத் தெரிந்த அந்தக் கன்னத்தை.

அவர் கொஞ்சம் தணிந்தார். “சரிட்டி. மிஷினை விடு. உனக்கு என்ன தோணுது?”

“பயமா இருக்குண்ணே.”

அவர் அவளை உற்றுப் பார்த்தார். சின்ன வயசில் அவள் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போது கையைப் பிடித்து இழுத்து நிறுத்தியவர் அவர். அவள் முகத்தில் எப்போது எது வரும் என்று அவருக்குத் தெரியும்.

வாயிலிருந்ததை ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தார். “நேத்து நீ சிரிச்சே. அதான் போக வேண்டாம்னு இருந்தேன்,” என்றார். “டாக்டர் எத்தனை மணிக்கு வரச் சொன்னாரு?”

வியாழக்கிழமை சதையைக் கிள்ளி எடுத்தார்கள். வந்த முடிவு நல்லதாக இல்லை. ஆனால் ஆரம்பம்தான் என்றார் டாக்டர். ஆறு மாதம் கழித்து வந்திருந்தால் நான் இப்படிச் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். கன்னத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துத் தைத்தார்கள். இரண்டு மாதம் கஞ்சி. அதற்கப்புறம் சங்கரலிங்கம் மறுபடியும் தார்க் குவியலின் மேல் ஏறினார். பேச்சு கொஞ்சம் குழறியது. “இதுவும் நல்லதுக்குத்தான்,” என்றார் தங்கையிடம். “நான் சொல்லுத விலை ஒருத்தனுக்கும் விளங்க மாட்டேங்குது. ரெண்டு ரூபா கூடவே கேட்டு எடுத்துட்டுப் போயிருதான்.”

மங்கை எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். இந்த இடத்தை நான் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டேன், அதனால் சரியாகத்தான் இருக்கும். ஆஸ்பத்திரி உள்ளறையின் ஒரு மூலையில் கறுப்புத் திரை கட்டினாள். இனி நோயாளி ஆனாலும் நல்லவர் ஆனாலும் அந்தத் திரைக்குள்ளேதான், அதே நாற்காலியில்தான். காலையில் நோயாளிகள், சாயங்காலம் நல்லவர்கள் என்று அதிலும் ஓர் ஒழுங்கு வந்துவிடக் கூடாதே என்று, அடுத்து உட்காருவது யார் என்பதைப் பூவா தலையா போட்டு முடிவு செய்தாள். கல்லூரிக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே ரோட்டைத் தாண்டி வந்து பெஞ்சில் காத்திருந்தார்கள். முதல் ஆளாக வந்து குருவம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஜமீலா. பூ விழுந்தது. குருவம்மாள் முதலில் போனாள்.

ஒரு வருஷம் போயிற்று. மிஷினுக்குப் புதிய பாடம் சொல்லி முடித்துப் பரீட்சை வைத்தாள் மங்கை. முடிவைப் பார்த்துவிட்டு இருட்டறைக்குப் போனாள். செருப்பைக் கழற்றினாள்.

“எழுபத்தொண்ணு மேடம்” என்றாள். “தொண்ணூற்றேழு போயி எழுபத்தொண்ணு. ஒரு வருஷம் வீணாப் போச்சு.”

ஜமீலா எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்.

“அக்கா,” என்றார், “இப்பத்தான் அது முதல் தடவையா ஒரு வாயைப் பார்த்திருக்கு.”



மறுநாள் காலையில் ஜமீலா வந்தபோது, மங்கை மிஷினைத் தன் பழைய புடவை ஒன்றில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். வடக்கே வெகுதூரத்தில் ஓர் ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்போவதாகச் சொன்னாள். அங்கே இருக்கிறவர்களே அங்கே வருகிறவர்களுக்கு வைத்துப் பார்க்கட்டும், எழுபத்தொன்று நிற்கிறதா என்று அவர்களே சொல்லட்டும் என்றாள்.

“ஏன் அந்த ஊர் அக்கா?”

“அங்க எனக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லை மேடம். யாருக்காகவும் என் மனசு இளகாது.”

ஜமீலா குனிந்து, கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.